காலி செய்த வீட்டுக்கு வரும் பால்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் ஒரு வினாடி வினாச் செயல்நிரல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உலாவியில் ஓடும் நிரல். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. முகப்பில் ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் முதல் கேள்வி வருகிறது. விசைப்பலகையில் வலப்புற அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த கேள்வி. எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது.

முதல் மாணவர் விளையாடி முடித்து முகப்புக்குத் திரும்புகிறார். இரண்டாமவர் வந்து ‘தொடங்கு’ பொத்தானைத் தொடுகிறார். அம்புக்குறியை ஒரு முறைதான் அழுத்துகிறார். 1-ஆம் கேள்வியிலிருந்து 3-ஆம் கேள்விக்குத் தாவிவிடுகிறது! மூன்றாமவருக்கு 1-லிருந்து 4. இப்படியே போனால் பத்தாவதாக வருபவர் ஒரே அழுத்தில் 11-ஆம் கேள்வியில் போய் நிற்பார். விசைப்பலகையில்தான் கோளாறு என்று எண்ணி வேறொன்றை மாட்டிப் பார்க்கிறீர்கள். பயனில்லை. உலாவியை மூடித் திறந்தால் சரியாகிறது. சற்று நேரத்தில் பழைய கதைதான்.

விசைப்பலகையின் மேல் குற்றமில்லை. நிரலில் நீங்கள் ஒரு வரியை எழுதிவிட்டு, அதற்கு இணையாக எழுதவேண்டிய இன்னொரு வரியை விட்டுவிட்டீர்கள். விடுபட்ட அந்த வரியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

உலாவியின் பதிவேடு

விசை அழுத்தப்பட்டது என்பது நிரலுக்கு எப்படித் தெரிகிறது? ‘அழுத்தினார்களா, அழுத்தினார்களா’ என்று நிரல் நொடிக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அது உலாவியிடம் ஒரு செயற்கூற்றைக் கொடுத்து, ‘விசை அழுத்தப்படும்போது இதை அழை’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. விசை அழுத்தப்படுவது, விரல் படுவது, சாளரத்தின் அளவு மாறுவது போன்றவற்றை நிகழ்வு என்கிறோம். நிகழ்வுக்காகச் செவியைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் செயற்கூற்றுக்கு ஈவென்ட் லிசனர் என்று பெயர். நிரலாளர்கள் சுருக்கமாக லிசனர் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கினார். அந்தத் தொடக்க காலத்தில் ஒரு பொத்தானுக்கு ஒரு நிகழ்வின் பேரில் ஒரு செயற்கூறுதான் இருக்க முடியும். புதிதாக ஒன்றை வைத்தால் பழையது தானே போய்விடும். ஒற்றை நாற்காலி என்று சொல்லலாம். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் உலகளாவிய வலை அமைப்பான டபிள்யூ3சி, நிகழ்வுகளுக்கான ஒரு பொதுத்தரத்தை வெளியிட்டது. அதில் நாற்காலிக்குப் பதில் நீண்ட பெஞ்சு போடப்பட்டது. ஆட்-ஈவென்ட்-லிசனர் என்ற கட்டளையால் எத்தனை லிசனர்களை வேண்டுமானாலும் வரிசையாகப் பதிவு செய்யலாம். ரிமூவ்-ஈவென்ட்-லிசனர் என்ற கட்டளையால் நீக்கலாம். நிகழ்வு நேரும்போது பதிவேட்டில் உள்ள அத்தனை பேரையும் உலாவி ஒருவர் பின் ஒருவராக அழைக்கும்.

வசதிதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவர் தானாக எழுந்து போவதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது இது பெரிய தொல்லையாகத் தோன்றவில்லை. ஏனென்றால், அந்நாளைய வலைத்தளங்களில் ஒரு சுட்டியைத் தொட்டால் முழுப் பக்கமும் போய் வேறு பக்கம் வரும். பழைய பக்கத்தோடு அதன் பதிவேடும் குப்பைக்குப் போய்விடும். (இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2001-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில், பக்கத்திலுள்ள பொருளும் ஜாவாஸ்கிரிப்ட் பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டால், பக்கத்தை விட்டு வெளியேறிய பிறகும் நினைவகம் விடுபடாது. அக்கால நிரலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று!) 2004-இல் கூகுளின் ஜிமெயில் வந்தது. காலையில் திறந்த பக்கம் மாலை வரை திறந்தே கிடக்கிறது. உள்ளே அஞ்சல்கள் மட்டும் மாறி மாறி வருகின்றன. பக்கம் போவதில்லை என்றால் பதிவேடும் போவதில்லை அல்லவா?

இத்தகைய பக்கங்களைக் கட்டுவதற்காகச் சட்டகங்கள், அதாவது பிரேம்வொர்க்குகள், தோன்றின. 2010-இல் பேக்போன், 2013-இல் பேஸ்புக் நிறுவனத்தின் ரியாக்ட், 2014-இல் எவான் யூ உருவாக்கிய வியூ என்று பலவற்றைச் சொல்லலாம். இவற்றில் திரை என்பது சின்னச் சின்ன உறுப்புகளால் ஆனது. வினாப் பகுதி ஓர் உறுப்பு, முகப்பு ஓர் உறுப்பு. ‘தொடங்கு’ என்றால் வினா உறுப்பு பிறந்து திரைக்கு வரும். முகப்புக்குத் திரும்பினால் அது திரையிலிருந்து எடுக்கப்படும். நூறு முறை போய் வந்தாலும் பக்கம் ஒன்றேதான்.

பால்காரர் என்ன செய்வார்?

ஒரு தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். தினமும் அரை லிட்டர் பால் வேண்டும் என்று பால்காரரிடம் சொல்லி வைக்கிறீர்கள். அவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போகிறீர்கள், பால்காரரிடம் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் வாசலில் பால் பாக்கெட் இருக்கும். அடுத்து வருகிற குடித்தனக்காரரும் அரை லிட்டர் சொல்கிறார். இப்போது அந்த வாசலில் இரண்டு பாக்கெட். பால்காரர் மேல் தவறில்லை. அவர் நோட்டைப் பார்க்கிறார். நோட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வினா உறுப்பு செய்ததும் இதுவே. திரைக்கு வந்தபோது அது சாளரத்தின் பதிவேட்டில் ‘அடுத்த கேள்வி’ என்ற செயற்கூற்றைப் பதிந்தது. திரையை விட்டுப் போனபோது அதை நீக்கவில்லை. மறுமுறை வந்த வினா உறுப்பு புதியது. அது தன் செயற்கூற்றைப் பதிந்தது. கேள்வி எண்ணோ இருவருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒரே விசைக்கு இருவரும் ஆளுக்கு ஒன்று கூட்டினார்கள். 1 என்பது 3 ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், வினா உறுப்பு திரையிலேயே இல்லாமல் நீங்கள் முகப்பில் நிற்கும்போதும், யாராவது அந்த விசையைத் தொட்டால் உள்ளே கேள்வி எண் நகர்ந்துகொண்டிருக்கும். கேள்வி தாவினால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே இடத்தில் ‘என்டர் விசையை அழுத்தினால் பணம் அனுப்பு’ என்ற செயற்கூறு இருந்தால்?

துப்புரவாளருக்குத் தெரியாத ஒன்று

‘பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றக் கணிப்பொறியிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறதாமே, அது இதைச் செய்யாதா?’ என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த ஏற்பாட்டுக்குக் குப்பை திரட்டல், அதாவது கார்பேஜ் கலெக்‌ஷன், என்று பெயர். லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1959 வாக்கில் இதை வகுத்தார். ஜாவாஸ்கிரிப்டும் அந்த வழியில்தான் செல்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வேர்கள் என்று சிலவற்றை எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் சாளரம் அவற்றில் ஒன்று. வேரிலிருந்து தொடங்கி, அது பிடித்திருக்கும் பொருள், அந்தப் பொருள் பிடித்திருக்கும் இன்னொரு பொருள் என்று சங்கிலியாகப் போய், எட்டிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இடும். அடையாளம் விழாதவை எல்லாம் குப்பை, அகற்றப்படும்.

கவனித்தீர்களா? ‘இது தேவையா?’ என்று அது கேட்கவே இல்லை. ‘இதை எட்ட முடிகிறதா?’ என்று மட்டுமே கேட்கிறது. தேவை என்பது நிரல் எழுதியவரின் மனத்தில் இருப்பது. அதை எந்த இயந்திரமும் எட்டிப் பார்க்க முடியாது. நம் வினா உறுப்பை எடுத்துக்கொண்டால், சாளரம் வேர். சாளரத்தின் பதிவேடு லிசனரைப் பிடித்திருக்கிறது. லிசனர் தான் பிறந்த உறுப்பின் மாறிகளைப் பிடித்திருக்கிறது. அவை கேள்விப் பட்டியலையும் படங்களையும் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றிலும் அடையாளம் விழுந்துவிடும். எப்போதோ வரப்போகும் நிகழ்வுக்காக நியாயமாகக் காத்திருக்கும் லிசனரும், மறந்துபோய் விட்டுவிட்ட லிசனரும் துப்புரவாளர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான்.

ஒரு தடவை திறக்கும்போது படங்களுக்கு 2 மெகாபைட் ஆகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். கண்காட்சியில் 150 பேர் விளையாடினால் 300 மெகாபைட். மேசைக் கணிப்பொறி ஒருவேளை தாங்கும். 2 ஜிகாபைட் நினைவகமே கொண்ட கைப்பேசி திணறும். ‘என் போன் பழசாகிவிட்டது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் எல்லாரும் போனைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

பேக்போன் கண்ட வழி

இந்தத் தொல்லையை நிரலுலகம் கண்கூடாகக் கண்டது பேக்போன் காலத்தில். ஜெரமி ஆஷ்கனாஸ் உருவாக்கிய சட்டகம் அது. அதில் தகவலை வைத்திருக்கும் பொருள் ஒன்று, அதைத் திரையில் காட்டும் பொருள் மற்றொன்று. தகவல் மாறினால் தனக்குச் சொல்லும்படி, காட்டும் பொருள் தகவலின் பதிவேட்டில் பெயரைக் கொடுத்திருக்கும். திரையிலிருந்து அதை எடுத்துவிட்டாலும் பதிவேட்டில் பெயர் நிற்கும். ஆகவே தகவல் மாறும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் எழுந்து, யாரும் பார்க்காத படத்தை வரைந்துகொண்டிருக்கும். நிரலாளர்கள் இவற்றுக்கு ஜாம்பி என்றே பெயர் வைத்தார்கள். செத்தும் நடமாடும் பிணங்கள்!

2012 டிசம்பரில் வந்த பேக்போன் 0.9.9 பதிப்பு இதற்கு ஓர் அழகான மாற்று கண்டது. அதுவரை நோட்டு பால்காரரிடம் மட்டுமே இருந்தது. இப்போது குடித்தனக்காரர் கையிலும் ஒரு நோட்டு கொடுத்தார்கள். ‘நான் இன்னின்னாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்’ என்று காட்டும் பொருளே குறித்துக்கொள்ளும். லிசன்-டு என்பது அந்தக் கட்டளை. வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் ஸ்டாப்-லிசனிங் என்ற ஒரே கட்டளை, நோட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயரை அடித்துவிட்டு வரும். அந்தக் கட்டளையையும் நிரலாளர் மறந்துவிடக் கூடும் என்பதால், திரையிலிருந்து எடுக்கும் கட்டளைக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். யார் போகிறாரோ அவரிடமே கணக்கு இருக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் பின்னால் வந்த சட்டகங்களிலும் வெவ்வேறு உருவில் காணப்படுகிறது.

ரியாக்டில் இன்று யூஸ்-எஃபெக்ட் என்ற அமைப்பு உண்டு. 2019-இல் சேர்க்கப்பட்டது. அதற்குள் நீங்கள் எழுதும் செயற்கூறு, உறுப்பு திரைக்கு வந்தபின் ஓடும். அந்தச் செயற்கூறு தன் முடிவில் இன்னொரு செயற்கூற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். ரியாக்ட் அதைப் பத்திரமாக வைத்திருந்து, உறுப்பு விடைபெறும்போது ஓட்டும். பதியும் வரியும் நீக்கும் வரியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை எழுதி மற்றதை மறப்பது குறைகிறது. வியூவில் ஆன்-மவுன்டெட், ஆன்-அன்மவுன்டெட் என்று வருகைக்கு ஓர் இடமும் விடைபெறலுக்கு ஓர் இடமும் தனித்தனியே இருக்கின்றன. எந்தச் சட்டகமானாலும் நம் வினாப் பகுதிக்கு எழுத வேண்டியது இவ்வளவே:

உறுப்பு வரும்போது: சாளரத்தில், ‘விசை’ நிகழ்வுக்கு, அடுத்தகேள்வி என்ற செயற்கூற்றைச் சேர்.
உறுப்பு போகும்போது: சாளரத்தில், ‘விசை’ நிகழ்விலிருந்து, அதே அடுத்தகேள்வியை நீக்கு.

‘அதே’ என்ற சொல்

மேலே உள்ள இரண்டாவது வரியில் ‘அதே’ என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீக்கும் வரியையும் ஒழுங்காக எழுதிவிட்டு, ‘இன்னும் தாவுகிறதே’ என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சைக்கிள் நிறுத்தத்தில் சைக்கிளை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்ப எடுக்கும்போது அந்த டோக்கனைத் தர வேண்டும். அதே நிறம், அதே வடிவில் அட்டையை வெட்டிக்கொண்டு போய் நீட்டினால் சைக்கிள் கிடைக்குமா? ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான். செயற்கூறு என்பது ஒரு பொருள். பெயரிடாத ஒரு செயற்கூற்றைச் சேர்க்கும் கட்டளைக்குள்ளேயே எழுதிவிட்டு, நீக்கும் கட்டளையில் எழுத்துக்கு எழுத்து அதையே மீண்டும் எழுதினாலும் அது வேறொரு பொருள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆள் வேறு. உலாவி பதிவேட்டில் தேடும், கிடைக்காது, சும்மா இருந்துவிடும். பிழைச் செய்தி கூட வராது! செயற்கூற்றோடு ‘பைண்ட்’ என்பதைச் சேர்த்து எழுதினாலும் ஒவ்வொரு முறையும் புதுச் செயற்கூறு பிறக்கிறது. அதிலும் இதே ஆபத்து. ஆகையால் செயற்கூற்றுக்கு ஒரு பெயர் கொடுத்து, சேர்க்கவும் நீக்கவும் அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். அதே செயற்கூற்றை இருமுறை சேர்த்தால்கூட உலாவி ஒருமுறைதான் பதிந்துகொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

லிசனர்கள் பத்துப் பதினைந்து இருந்தால் ஒவ்வொன்றாக நீக்குவது சலிப்பான வேலை. 2021 முதல் உலாவிகளில் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. அபார்ட்-கன்ட்ரோலர் என்ற பொருளை உருவாக்கி, அது தரும் சைகையை ஒவ்வொரு லிசனரைப் பதியும்போதும் கூடவே கொடுத்துவிடலாம். போகும்போது ‘அபார்ட்’ என்று ஒரு சொல். எல்லா லிசனர்களும் ஒருங்கே விலகிவிடும். பொம்மலாட்டக்காரர் எல்லாக் கயிறுகளையும் ஒரே கட்டையில் கட்டியிருப்பதைப் போல. ஒரே ஒரு முறை அழைக்கப்பட்டால் போதும் என்ற லிசனருக்கு ‘ஒன்ஸ்’ என்று குறித்தால், வேலை முடிந்ததும் உலாவியே அதை நீக்கிவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு எல்லா லிசனரையும் நீக்கக் கிளம்ப வேண்டாம். உறுப்பின் உள்ளேயே இருக்கும் ஒரு பொத்தானில் பதிந்த லிசனர், அந்தப் பொத்தானை வேறு யாரும் பிடித்திராத வரை, அதனோடு சேர்ந்தே குப்பையாகிவிடும். ரியாக்டில் பொத்தானோடு சேர்த்து ஆன்-கிளிக் என்று எழுதுகிறீர்களே, அதையும் சட்டகம் கவனித்துக்கொள்ளும். கவலை எல்லாம் உறுப்பைவிட நீண்ட நாள் வாழ்பவற்றில்தான். சாளரம், முழு ஆவணம், பொதுவான தகவல் கிடங்கு, சேவைக் கணிப்பொறியோடு திறந்திருக்கும் இணைப்பு, கடிகாரம் போல் அடிக்கும் டைமர் ஆகியவை அத்தகையவை. இருப்பிடத்தைக் கண்காணிக்கும் வாட்ச்-பொசிஷன் கட்டளையை இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும், சைக்கிள் டோக்கனேதான். வரைபட உறுப்பு போகும்போது கிளியர்-வாட்ச் கட்டளையிடம் அந்த எண்ணைக் கொடுக்காவிட்டால், வரைபடம் திரையில் இல்லாதபோதும் அந்தப் பக்கம் திறந்திருக்கும் நேரமெல்லாம், கைப்பேசி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டுக் கேட்டு நிரலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மின்கலம் தீர்வது ஒரு பக்கம். வரைபடத்தை மூடிவிட்டோம் என்று நம்பிய ஒருவரை இன்னும் பின்தொடர்வது சரிதானா என்பது இன்னொரு பக்கம்.

நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

2021-ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் வீக்-ரெஃப் என்ற ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரு பொருளைக் குப்பை திரட்டலுக்குத் தடையில்லாமல் லேசாகப் பிடித்திருக்க அது உதவும். ஆனால் துப்புரவாளர் எப்போது வருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவர் வரும் வரை கேள்வி இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டுதான் இருக்கும். எனவே நம் நோய்க்கு அது மருந்தாகாது. சட்டகங்களும் எச்சரிக்கையோடு நிற்கின்றன. சேவைக் கணிப்பொறிகளில் ஓடும் நோட்-ஜேஎஸ், ஒரு பொருளில் ஒரே நிகழ்வுக்கு 11-ஆவது லிசனர் சேரும்போது ‘நினைவகம் கசிகிறதோ’ என்று எச்சரிக்கை அச்சிடும். தடுக்காது, சொல்லிவைக்கும். 2022-இல் வெளியான ரியாக்ட் 18, கண்டிப்பு முறையை வைத்துக்கொண்டால், நிரல் எழுதும் கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு உறுப்பையும் ஒருமுறை கொண்டுவந்து, விடைபெறச் செய்து, மறுபடி கொண்டுவருவது போல் அதன் எஃபெக்டுகளை ஓட்டிப் பார்க்கிறது. தீயணைப்பு ஒத்திகை மாதிரி. நீக்கும் வரி விடுபட்டிருந்தால் முதல் நாளே கேள்வி இரண்டாகத் தாவி உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இதை ரியாக்டின் கோளாறு என்று கருதிக் கண்டிப்பு முறையை நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சலைக் காட்டுகிறது என்று வெப்பமானியை உடைப்பவர்களை என்னவென்று சொல்வது?

பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் குரோம் உலாவி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நிரலைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே கெட்-ஈவென்ட்-லிசனர்ஸ் என்பதை இடைவெளியின்றி ஆங்கில எழுத்துகளில் அடித்து, அடைப்புக்குறிக்குள் விண்டோ என்று இடுங்கள். ஈவென்ட், லிசனர்ஸ் இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சாளரத்தின் பதிவேடு அப்படியே கண்முன் விரியும். கீடவுன் என்ற தலைப்பின் கீழ் எத்தனை லிசனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ‘தொடங்கு’ தொட்டு, முகப்புக்குத் திரும்பி, இப்படியே ஐந்து முறை போய் வந்து, மறுபடி அதே கட்டளையை அடியுங்கள். எண்ணிக்கை மாறாமல் இருந்தால் நிரல் நன்று. ஐந்து கூடியிருந்தால், நீக்கும் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சேர்த்த செயற்கூறும் நீக்கும் செயற்கூறும் ஒரே பொருள்தானா என்று பாருங்கள்.